நாலாவது பாட்டுலேயே மார்க் போட்டவன்

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை. எங்க ஹாஸ்டல் ரெண்டாவது மாடியில பாதிப் பேர் அன்னைக்குக் கிளாஸ்ல இருந்தும் இல்லாத மாதிரிதான். பிளேபாய் கார்ட்டியோட 'மியூசிக்' ஆல்பம் நம்ம ஊர் நேரப்படி காலை ஒன்பதரைக்கு வரணும். முதல் பீரியட் முழுக்க டெஸ்க்குக்குக் கீழ போனை வெச்சு ரெஃப்ரெஷ் பண்ணிட்டே இருந்தோம். வரல. ரெண்டாவது பீரியட், வரல. மெஸ்ல சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கிட்டே பார்த்தோம், அப்பவும் வரல. மதியம் லேப் முடிஞ்சு வெளிய வர்றப்பதான் காரிடார்ல யாரோ கத்தினான்: "மச்சி, வந்துடுச்சு டா!"

மொத்தம் 30 பாட்டு. ரூமுக்குப் போய் ஹெட்போனை மாட்டினேன். நாலாவது பாட்டு ஓடிட்டு இருக்கும்போதே எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் போட்டேன். "பத்துக்குப் பத்து. இந்தப் பத்து வருஷத்தோட ஆல்பம் இதுதான். யாரும் வாதத்துக்கு வராதீங்க." இன்னும் 26 பாட்டு பாக்கி இருந்துச்சு. அதைப் பத்தி நானும் யோசிக்கல, குரூப்ல இருந்த யாரும் கேட்கல. பதினேழு பேர் ஹார்ட் போட்டாங்க.

அன்னைக்கு ராத்திரியே இன்னொரு லிங்கும் வந்துச்சு. எங்க ஹாஸ்டல்ல ரெண்டு வருஷம் ஜூனியர் ஒரு பையன், லேப்டாப்லயே பீட் பண்ணி, போர்வைக்குள்ள உட்கார்ந்து ரெக்கார்ட் பண்ணின நாலு பாட்டு. "அண்ணா, டைம் இருந்தா கேட்டுப் பாருங்க"ன்னு அனுப்பியிருந்தான். அதைப் பத்தி கடைசியில சொல்றேன். இப்போதைக்கு ஒண்ணு மட்டும்: நான் அதுல நாப்பது செகண்ட் கேட்டேன். தீ எமோஜி மூணு போட்டேன். "செம்ம டா தம்பி"ன்னு எழுதினேன்.

இந்தக் கட்டுரை அந்த ரெண்டு மெசேஜையும் பத்தினது. ரெண்டுமே பொய்னு எனக்குத் தெரியவே பல மாசம் ஆச்சு.

முன்னாடியே ஓடின ஆல்பம்

முதல்ல கார்ட்டி விஷயத்துக்கு வருவோம். அந்த நாலாவது பாட்டு 'ஈவில் ஜோர்டன்'. அது 2024 ஜனவரியிலேயே யூடியூப்ல வந்துடுச்சு. ஒரு வருஷத்துக்கும் மேல பஸ்ல, ஜிம்ல, இன்டர்னலுக்கு முந்தின ராத்திரியில எல்லாம் நான் கேட்டுத் தேய்ச்ச பாட்டு. அதாவது, "புது ஆல்பம் மாஸ்டர்பீஸ்"னு நான் தீர்ப்பு சொன்னது ஒரு பழைய பாட்டைக் கேட்டுட்டுதான்! முதல் மூணு பாட்டு புதுசு. அதுல எனக்கு ஒண்ணும் சரியா பிடிபடல. தெரிஞ்ச பாட்டு வந்ததும் 'ஆஹா'ன்னு மனசு பொங்கிடுச்சு. திருவிழாக் கூட்டத்துல தனியா முழிச்சுட்டு நிக்கும்போது சொந்தக்காரர் முகம் தெரிஞ்சா வருமே, அந்த நிம்மதி. அதைத்தான் நான் ரசனைன்னு நினைச்சுட்டேன்.

நாம பொதுவா ஹைப்னா விளம்பரம், போஸ்டர், பில்டப்புன்னு நினைக்கிறோம். ராப் உலகத்துல அது வேற மாதிரி வேலை செய்யுது. லீக் ஆன பாட்டு, இன்ஸ்டா லைவ்ல கேட்ட பதினைஞ்சு செகண்ட் துணுக்கு, 'அடுத்த வாரம்'னு சொல்லிச் சொல்லித் தள்ளிப்போன தேதி, நடுவுல வருஷக்கணக்கா மௌனம், வேற ராப்பரோட சண்டை. இதெல்லாம் சேர்ந்து நம்ம தலைக்குள்ள ஒரு ஆல்பத்தை முன்னாடியே தயாரிச்சு வெச்சுடும். நிஜ ஆல்பம் வர்ற அன்னைக்கு நாம அதைக் கேட்கிறதில்ல. தலைக்குள்ள இருக்கிற ஆல்பத்தோட ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஒத்துப்போச்சுன்னா 'கிளாசிக்'. ஒத்துப்போகலன்னா 'குப்பை'. முதல் நாள் ரியாக்‌ஷன்ல பெரும்பகுதி இந்த ஒப்பீடுதான்னு நான் நினைக்கிறேன்.

இதுக்கு நல்ல உதாரணமும் கார்ட்டிதான். 2018 மே மாசம் 'டை லிட்' வந்துச்சு. அதுல அவர் கீச்சுக் குரல்ல பாடின விதம் எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. அடுத்த ஆல்பம் 'ஹோல் லாட்டா ரெட்'னு பேர் வெளிய வந்ததும் லீக் வரிசையா ஆரம்பிச்சது. 2019ல லீக் ஆன ஒரு பாட்டை யாரோ வேற பேர்ல ஸ்பாட்டிஃபையில ஏத்திவிட, அது அமெரிக்க வைரல் 50 பட்டியல்ல முதலிடம் வரைக்கும் போச்சு. அதிகாரபூர்வமா வெளிவராத பாட்டு, அதுவும் வேற யாரோ பேர்ல! ரெண்டரை வருஷம் ரசிகர்கள் அந்த லீக்கை எல்லாம் கோர்த்து அவங்களே ஒரு ஆல்பம் கற்பனை பண்ணி வெச்சிருந்தாங்க. மென்மையான பீட், மிதக்கிற மாதிரி கீச்சுக் குரல்.

2020 கிறிஸ்மஸ் அன்னைக்கு நிஜ ஆல்பம் வந்தது. 24 பாட்டு. முதல் பாட்டே கரகரன்னு இரையுது. குரல் கிழியுது, பங்க் கச்சேரி மாதிரி கத்தல். எல்லாரும் எதிர்பார்த்த லீக் பாட்டுல பலதும் அதுல இல்ல. அன்னைக்கு ட்விட்டர் முழுக்க கேலிதான். நான் அப்போ பதினொண்ணாவது, லாக்டவுன், ஆன்லைன் கிளாஸ். ஆறு பாட்டு கேட்டுட்டு ஸ்கூல் குரூப்ல "கார்ட்டி முடிஞ்சான்"னு போட்டவன்ல நானும் ஒருத்தன்.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு ராப் கேட்கிற எல்லாருக்கும் தெரியும். அந்த இரைச்சலைச் சுத்தி 'ரேஜ்'னு ஒரு பாணியே வளர்ந்துச்சு. கார்ட்டியோட ஓபியம் லேபிள்ல இருக்கிற கென் கார்சன், டெஸ்ட்ராய் லோன்லி எல்லாம் அந்த வழியில வந்தவங்கதான். முதல் நாள் திட்டினவங்களே ஒரு வருஷம் கழிச்சு "நான் அன்னைக்கே சொன்னேன்ல"ன்னு பேசினாங்க. நானும் பேசினேன், வெட்கமே இல்லாம. ஆல்பத்துல ஒரு செகண்ட் கூட மாறல. தலைக்குள்ள இருந்த கற்பனை ஆல்பம் மெல்ல மறந்துபோச்சு, அவ்வளவுதான். அது மறந்த பிறகுதான் நிஜ ஆல்பம் காதுல விழுந்துச்சு.

ஆக, 2020ல "முடிஞ்சான்"னதும் தப்பு, 2025ல "பத்துக்குப் பத்து"ன்னதும் தப்பு. ரெண்டு தடவையும் நான் கேட்டது ஆல்பத்தை இல்ல, என் எதிர்பார்ப்பை.

ஸ்டேடியத்துல நடந்த பரீட்சை

2021ல இதே கதை இன்னும் பெரிய அளவுல நடந்துச்சு. கான்யே வெஸ்ட் தன் அம்மா பேர்ல எடுத்த 'டோண்டா'. ஜூலை 22 அன்னைக்கு அட்லாண்டாவுல மெர்சிடிஸ் பென்ஸ் ஸ்டேடியத்துல ஆயிரக்கணக்கான பேரைக் கூட்டி ஆல்பத்தைப் போட்டுக் காட்டினார். மறுநாள் ரிலீஸ்னாங்க, ஆகல. அந்த ஸ்டேடியத்துக்குள்ளேயே தங்கி வேலை பார்த்தார். ஆகஸ்ட் 5ல அதே இடத்துல மறுபடி ஒரு காட்சி. ஆகஸ்ட் 26ல சிகாகோ சோல்ஜர் ஃபீல்டுல மூணாவது. கடைசியா ஆகஸ்ட் 29ல 27 பாட்டோட ஆல்பம் வந்துச்சு.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, ஆல்பம் வர்றதுக்கு முன்னாடியே அதோட மூணு வடிவத்தை ஜனங்க கேட்டாச்சு. அதுவும் எப்படி? ஸ்டேடியம் ஸ்பீக்கர்ல, இல்லன்னா லைவ்ல, இருட்டுல, ஒரு மனுஷன் முகமூடியோட தனியா நிக்கிறதைப் பார்த்துக்கிட்டே. ஒவ்வொரு காட்சியிலும் பாட்டு மாறினது, குரல் மாறினது. ஆல்பம் வந்த அன்னைக்கு நடந்த சண்டையில பாதி "முதல் காட்சியில இருந்த மாதிரியே விட்டிருக்கலாம்"ங்கிறதுதான். நிகழ்ச்சி தந்த சிலிர்ப்பு ஆல்பத்தோட கணக்குல ஏறிடுச்சு. ஹெட்போன்ல அந்தச் சிலிர்ப்பு வராதப்போ ஆல்பத்தைத் திட்டினாங்க. அஞ்சே நாள்ல, செப்டம்பர் 3ல, டிரேக்கோட 'சர்ட்டிஃபைட் லவர் பாய்' வந்துச்சு. அவ்வளவுதான், பேச்சு "எது நல்லா இருக்கு"ங்கிறதுல இருந்து "யார் ஜெயிச்சா"ங்கிறதுக்குத் தாவிடுச்சு. முதல் வாரம் டிரேக்குக்கு ஆறு லட்சத்துக்கு மேல, கான்யேவுக்கு மூணு லட்சத்துக்கு மேல யூனிட். ஸ்கோர்போர்டு மாதிரி பார்த்தோம். ரெண்டு ஆல்பத்தையும் யாரும் நிதானமா கேட்ட மாதிரி எனக்குத் தெரியல.

"அப்போ ஹைப்பே இல்லாம ரிலீஸ் பண்ணிட்டா சரியாயிடுமா?"ன்னு என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. கென்ட்ரிக் லமார் 2024 நவம்பர் 22ல 'ஜிஎன்எக்ஸ்' ஆல்பத்தை எந்த அறிவிப்பும் இல்லாம போட்டார். 12 பாட்டு. நம்ம ஊர்ல அப்போ வெள்ளிக்கிழமை ராத்திரி. ஆனா அதை ஹைப் இல்லாத ரிலீஸ்னு சொல்ல முடியுமா? அந்த வருஷம் மே மாசம்தான் டிரேக்கோட அவ்வளவு பெரிய சண்டை நடந்து, 'நாட் லைக் அஸ்' உலகம் பூரா ஓடிச்சு. அடுத்த பிப்ரவரி சூப்பர் பவுல்ல அவர்தான் பாடப் போறார்ங்கிறதும் தெரியும். ஜெயிச்ச டீம் பஸ்ல ஊர்வலம் வர்ற மாதிரி ஒரு மூட்ல இருந்தோம். அந்த மூடுக்கு ஆல்பம் கச்சிதமா பொருந்திச்சு. தேதி சொல்லாததால ஏமாந்து காத்திருக்கவும் வேண்டியதில்ல.

அதே கென்ட்ரிக் 2022 மே மாசம் 'மிஸ்டர் மோராலே' போட்டப்போ அஞ்சு வருஷக் காத்திருப்பு பின்னாடி நின்னுச்சு. 'டேம்' வந்தது 2017 ஏப்ரல்ல. அஞ்சு வருஷத்துல ஜனங்க அவரை ஒரு தலைவர், ஒரு வழிகாட்டின்னு உயர்த்தி வெச்சிருந்தாங்க. அவரோ தெரபி, குடும்பம், தன் தப்புன்னு பேசி, அந்த நாற்காலி எனக்கு வேண்டாம்னு எழுந்து போற ஆல்பத்தைக் கொடுத்தார். முதல் நாள் என் ஃபீட்ல பாதிப் பேர் "ஜிம்ல போட ஒரு பாட்டு கூட இல்ல"ன்னு எழுதினாங்க. ஜிம்முக்காக எடுக்காத ஆல்பத்தை ஜிம்ல வெச்சு மார்க் போட்டா வேற என்ன வரும்?

லேப்ல கத்துக்கிட்டது

இது வெறும் என் அனுபவம்னு தள்ளிட வேண்டாம். 2006ல சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் 'சயின்ஸ்' இதழ்ல ஒரு சோதனையை வெளியிட்டாங்க. பதினாலாயிரத்துக்கும் மேல ஆட்கள். யாருக்கும் தெரியாத இசைக்குழுக்களோட 48 பாட்டு. ஒரு குழுவுக்குப் பாட்டோட பேர் மட்டும் காட்டினாங்க. மத்தவங்களை எட்டு தனித்தனி 'உலகமா' பிரிச்சு, அவங்க உலகத்துல எத்தனை பேர் எந்தப் பாட்டை டவுன்லோட் பண்ணியிருக்காங்கங்கிற எண்ணிக்கையையும் காட்டினாங்க.

எண்ணிக்கை தெரிஞ்ச உலகங்கள்ல ஹிட்டான பாட்டு இன்னும் பெரிய ஹிட் ஆச்சு, விழுந்தது இன்னும் கீழ விழுந்துச்சு. அதைவிட முக்கியம், எது ஹிட் ஆகும்ங்கிறது உலகத்துக்கு உலகம் மாறிச்சு. ரொம்ப நல்ல பாட்டு பெருசா தோத்ததில்ல, ரொம்ப மோசமானது பெருசா ஜெயிச்சதில்ல. நடுவுல இருந்த அத்தனைக்கும் எது வேணா நடந்துச்சு. முதல்ல கேட்ட கொஞ்சம் பேர் எந்தப் பக்கம் சாய்ஞ்சாங்களோ, கூட்டம் அந்தப் பக்கம் போச்சு. அந்த 'முதல் கொஞ்சம் பேர்' யாரு? ஒவ்வொரு குரூப்லயும் என்னை மாதிரி நாலாவது பாட்டுல மெசேஜ் போடுறவன்தான். நான் போட்ட பத்துக்குப் பத்து என் ரசனையோட மட்டும் நிக்கல. அதுக்குப் பின்னாடி ஹெட்போன் மாட்டின பதினேழு பேர் காதுலயும் போய் உட்கார்ந்துச்சு.

நம்ம பாஷையிலேயே சொல்றேன். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல ஸ்டெப் ரெஸ்பான்ஸ் வரைஞ்சது ஞாபகம் இருக்கா? திடீர்னு ஒரு இன்புட் கொடுத்தா அவுட்புட் நேரா போய் அந்த அளவுல நிக்காது. மேல எகிறும், கீழ விழும், ஆடி ஆடி கடைசியில ஒரு இடத்துல செட்டில் ஆகும். இன்புட் எவ்வளவு பெருசோ, எகிறுற அளவும் அவ்வளவு பெருசு. ஹைப்ங்கிறது அந்த இன்புட். 'ஹோல் லாட்டா ரெட்' முதல்ல கீழ விழுந்து அப்புறம் ஏறிச்சு. 'மியூசிக்' எனக்கு மேல எகிறி அப்புறம் இறங்கிச்சு. லேப்ல மீட்டர் முள் ஆடிட்டு இருக்கும்போது ரீடிங் எழுதினா நம்ம லேப் அசிஸ்டன்ட் அண்ணன் என்ன சொல்வார்? "ஏம்பா, முள்ளு நிக்கட்டும்பா." ரெக்கார்டு நோட்டுக்கு இருக்கிற இந்தப் பொறுமை, ஒருத்தர் வருஷக்கணக்கா உழைச்ச ஆல்பத்துக்கு ஏன் இல்ல?

"அப்போ ஜாலியா கேட்கவே கூடாதா?"

இதைப் படிச்சுட்டு சில பேர் கடுப்பாகலாம். பாட்டு கேட்கிறதுக்கும் ரெக்கார்டு எழுதணுமான்னு. இல்ல. அந்த வெள்ளிக்கிழமை காலை எனக்கும் வேணும். டெஸ்க்குக்குக் கீழ ரெஃப்ரெஷ் பண்றதும், காரிடார்ல ஒருத்தன் கத்தறதும், நாலு பேர் ஒரே ஸ்பீக்கர் பக்கத்துல குனிஞ்சு உட்காருறதும் காலேஜ் முடிஞ்சா கிடைக்காது. முதல் நாள் முதல் ஷோவுக்கு யாரும் திரைக்கதையை அலசப் போறதில்ல, விசில் அடிக்கத்தான் போறோம். அது தப்பே இல்ல. விசிலை விமர்சனம்னு சொல்லி அடுத்தவனுக்கு விக்கிறதுதான் தப்பு.

ரெண்டாவது தடவை கேட்டா எல்லா ஆல்பமும் நல்லாயிடும்னும் நான் சொல்லல. 'மியூசிக்' ஆல்பத்தை அதுக்கப்புறம் ஆறேழு தடவை முழுசா கேட்டிருக்கேன். இன்னைக்கு என் பிளேலிஸ்ட்ல அதுல ஒன்பது பாட்டு இருக்கு. மீதி இருபத்தொண்ணு எனக்கு வேண்டாம். முப்பது பாட்டு ரொம்ப நீளம். இதை முதல் நாளே சொன்னவங்க இருந்தாங்க, அவங்க சரி. ஆனா அவங்களும் நிறைய பேர் முழுசா கேட்டுட்டு சொல்லல. பாட்டு எண்ணிக்கையைப் பார்த்துட்டே சொன்னாங்க. விடை சரியா இருந்தாலும் ஸ்டெப் எழுதலன்னா மார்க் கிடையாதுல்ல, அது மாதிரி.

முன்னாடி ஒரு காலத்துல இந்தப் பொறுமையை காசே கட்டாயப்படுத்திச்சு. 1994 ஏப்ரல்ல நாஸோட 'இல்மேட்டிக்' வந்தப்போ அதைக் கேட்கணும்னா கேசட்டோ சிடியோ வாங்கணும். காசு கொடுத்து வாங்கினதைப் பிடிக்கலன்னு ஒரு மணி நேரத்துல தூக்கிப் போட மாட்டோம், மறுபடி மறுபடி ஓட்டுவோம். அந்த ஆல்பத்துக்கு 'தி சோர்ஸ்' பத்திரிகை அப்பவே அஞ்சுக்கு அஞ்சு மைக் கொடுத்துச்சு. ஆனாலும் அஞ்சு லட்சம் பிரதி தாண்டி கோல்டு ஆக 1996 ஆச்சு, பத்து லட்சம் தாண்டி பிளாட்டினம் ஆக 2001 ஆச்சு. பத்தே டிராக் இருக்கிற ஆல்பம் ஏழு வருஷமா மெல்ல மெல்ல ஜனங்க கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. இப்போ ஸ்கிப் பண்றதுக்கு செலவே இல்ல. அதனால பொறுமையை நாமளாத்தான் எடுத்து வெக்கணும்.

நாப்பது செகண்ட்

இப்போ அந்த ஜூனியர் பையன்.

ஹைப் நம்ம தீர்ப்பைக் கெடுக்குதுன்னு இவ்வளவு நேரம் சொன்னேன். ஆனா அது கொடுக்கிற ஒரு பெரிய வசதியை நான் ரொம்ப லேட்டாதான் கவனிச்சேன். கார்ட்டியோட முதல் மூணு பாட்டு எனக்குப் பிடிபடல. இருந்தும் நான் நிறுத்தல. "இவன் சும்மா பண்ண மாட்டான், எனக்குத்தான் புரியல"ன்னு நினைச்சு மேல கேட்டேன். பிடிக்காம போனப்பவும் மறுபடி போட்டுப் பார்த்தேன். முப்பது பாட்டை ஆறேழு தடவை. அந்த நம்பிக்கையை அவருக்கு வாங்கிக் கொடுத்தது ஹைப்தான். பெரிய பேருக்கு முதல் ரியாக்‌ஷன் தப்பாப் போனாலும் பிரச்சனை இல்ல. ரெண்டாவது, மூணாவது வாய்ப்பு தானா கிடைக்கும். நாம திட்டினாலும் கேட்டுட்டேதான் திட்டுவோம்.

அந்தப் பையனுக்கு என்ன இருந்துச்சு? பேர் கிடையாது, பில்டப் கிடையாது. முதல் பாட்டோட ஆரம்பத்துல குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டுச்சு, மிக்ஸிங் சரியில்ல. அங்க மட்டும் "எனக்குத்தான் புரியல"ன்னு எனக்குத் தோணவே இல்ல. "இவனுக்கு வரல"ன்னு தோணிச்சு. ஸ்பாட்டிஃபையில முப்பது செகண்ட் ஓடினா அது ஒரு ஸ்ட்ரீம். நான் நாப்பது கேட்டேன். கணக்குப்படி நான் அந்தப் பாட்டை 'கேட்டவன்'.

அஞ்சு மாசம் கழிச்சு, ஏழாவது செமஸ்டர் ஆரம்பத்துல, டீக்கடையில நின்னுட்டு இருந்தோம். அவன் சாதாரணமாத்தான் கேட்டான்: "அண்ணா, மூணாவது பாட்டு ஆரம்பத்துல வர்ற வாய்ஸ் யாருன்னு கண்டுபிடிச்சீங்களா?"

நான் திருதிருன்னு முழிச்சேன். "எந்த வாய்ஸ்?"ன்னு கேட்டிருந்தா மாட்டிக்குவேன், "ஆமா டா"ன்னு சொன்னா "யாரு?"ன்னு கேட்பான். நான் பதில் தேடுறதைப் பார்த்ததும் அவனுக்குப் புரிஞ்சுடுச்சு. "பரவால்லண்ணா, சும்மா கேட்டேன்"னு சொல்லிட்டு டீ கிளாஸைக் கொண்டுபோய் வெச்சான்.

அன்னைக்கு ராத்திரி அந்த நாலு பாட்டையும் முழுசா கேட்டேன். மூணாவது பாட்டு தொடங்குறப்போ படிக்கட்டுல எதிரொலிச்சு ஒருத்தன் கத்துறான்: "டேய், லைட்டை ஆஃப் பண்ணிட்டுத் தூங்குங்கடா, நாளைக்கு எனக்கு இன்டர்னல்!" அதுக்குப் பின்னாடி பத்துப் பேர் சிரிக்கிற சத்தம், அந்தச் சிரிப்பு மேலேயே பீட் ஏறுது. அந்தக் கத்தல் என்னோடது. என் குரலை அவன் எப்பவோ போன்ல பிடிச்சு, பாட்டுல வெச்சு, அஞ்சு மாசமா நான் கண்டுபிடிப்பேன்னு காத்துட்டு இருந்திருக்கான். பாட்டு எங்க ஹாஸ்டலைப் பத்திதான். வீட்டுக்கு போன் பண்ணி "சாப்பிட்டேன்மா"ன்னு பொய் சொல்றதைப் பத்தி. நல்ல பாட்டு.

மறுநாள் அவன் ரூமுக்குப் போனேன். முதல்ல சாரி சொன்னேன். அப்புறம் நாலு பாட்டையும் பத்திப் பேசினோம். மூணாவது ரொம்பப் பிடிச்சதுன்னு சொன்னேன். ரெண்டாவது பாட்டு ஏற்கெனவே கேட்ட மாதிரி இருக்கு, அமெரிக்க ராப்பரைப் போட்டு அப்படியே பேசுற மாதிரி இருக்குன்னும் சொன்னேன். முதல் பாட்டுல குரல் தள்ளி நிக்குதுன்னேன். அவன் நோட்டை எடுத்து எழுதிக்கிட்டான். எழுதிட்டே சொன்னான்: "அண்ணா, இதுவரைக்கும் முப்பது பேர் தீ எமோஜி போட்டிருக்காங்க. ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்ல." அவன் முகத்துல அவ்வளவு சந்தோஷம். எமோஜி போட்ட முப்பது பேர்ல நானும் ஒருத்தன்ங்கிறதை அவன் சொல்லிக் காட்டல.

அதுக்கப்புறம் எனக்கு நானே மூணு விதி வெச்சுக்கிட்டேன். ஒண்ணு, முதல் நாள் மார்க் கிடையாது. குரூப்ல பேசலாம், குதிக்கலாம், எந்தப் பாட்டு எங்க சிலிர்த்துச்சுன்னு சொல்லலாம். பத்துக்கு எத்தனைன்னு சொல்லக் கூடாது. ரெண்டு, ஒரு வாரம் கழிச்சு, குரூப் வேற விஷயத்துக்குப் போன பிறகு, ஊருக்குப் போற பஸ்ல தனியா ஒரு தடவை முழுசா கேட்கணும். அந்தத் தடவை என்ன தோணுதோ அதுதான் என் கருத்து. மூணு, பேர் தெரியாத ஒருத்தர் லிங்க் அனுப்பினா, முழுசா கேட்காம எமோஜி போடக் கூடாது. நேரம் இல்லன்னா "இன்னும் கேட்கல, ஞாயித்துக்கிழமை கேட்கிறேன்"னு உண்மையைச் சொல்லணும்.

மூணாவதுதான் கஷ்டம். ரெண்டு தடவை மீறியிருக்கேன்.

அந்தப் பையன் இப்போ அடுத்த செட் பாட்டு பண்ணிட்டு இருக்கான். இந்த செமஸ்டர் கல்ச்சுரல்ஸ் முடிஞ்சதும் லிங்க் வரும்னு சொன்னான். நாலோ அஞ்சோ பாட்டுதான், பதினைஞ்சு நிமிஷம் கூட இருக்காது. உங்களுக்கும் வந்தா முழுசா ஒரு தடவை கேளுங்க. பிடிக்கலன்னா இன்னொரு தடவை கேளுங்க, கார்ட்டிக்குக் கேட்ட மாதிரி. அப்பவும் பிடிக்கலன்னா எது பிடிக்கலன்னு அவன்கிட்டயே சொல்லுங்க. எழுதி வெச்சுக்க அவன்கிட்ட நோட்டு இருக்கு.